இரண்டு நூல் தளர்வு

கடைசி கிளிப்பையும் மரியதாஸ் சார் அழுத்திவிட்டார், டக்கென்று, வலது காதுக்குக் கீழே. இனி இந்தத் தலை என்னுடையது இல்லை, மேசையுடையது. முகத்தின் மேல் வலைமுகமூடி, வெந்நீரில் ஊறப்போட்டு, மெத்தென்று ஆனதும் என் முகத்திலேயே இழுத்துப் போர்த்தி, ஆறி இறுகும்வரை பிடித்து, எனக்கென்றே செய்தது. நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் என் அளவு. வாயில் நாக்கை அமுக்கிவைக்கும் பிளாஸ்டிக் கட்டை, அதனால் பேச்சு கிடையாது, கட்டைவிரல்தான் பேச வேண்டும். “டைட்டா இருக்காம்மா?” என்று தினமும் கேட்பதுபோல் இன்றும் கேட்டார். தினமும் தூக்குவதுபோல் கட்டைவிரலைத் தூக்கினேன். பொய். இரண்டு நூல் தளர்வு. எனக்குத் தெரியாதா? அருப்புக்கோட்டை பஜாரில் முப்பத்தோரு வருஷமாக ஜாக்கெட் தைக்கிறவள் நான், தங்கபுஷ்பம் டைலர் என்றால் பஸ்ஸ்டாண்டிலேயே வழி சொல்வார்கள். ஒருத்தி கடைப்படி ஏறும்போதே அவள் மார்பளவு முப்பத்தாறா முப்பத்தாறரையா என்று கண் சொல்லிவிடும். ஒரு இஞ்சை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு, அதைத்தான் எங்கள் தொழிலில் ஒரு நூல் என்போம். முதல் நாள் இந்த வலைக்கும் என் கன்னத்துக்கும் நடுவே அரை நூல்கூட இல்லை, கழற்றியபின் பார்த்தால் கன்னமெல்லாம் வலையின் அச்சு விழுந்திருந்தது. இன்று வலது கன்னத்தில் காற்று போகிறது. தாடையைத் திருப்பினால் திரும்புகிறது. திருப்பக் கூடாது. திருப்பிப் பார்த்தேன். திரும்புகிறது. அந்தத் தடித்த கதவு உருளையில் ஓடி மூடிக்கொண்டது. மதுரையில், ஆஸ்பத்திரியின் தரைக்குக் கீழே உள்ள இந்த அறையில் இப்போது நானும் மெஷினும் மட்டும்தான். மணி பத்தே முக்கால் இருக்கும்.

மேல் அண்ணத்துக்கு மேலே, வலது கன்ன எலும்புக்குப் பின்னால் ஒரு பொந்து இருக்கிறதாம். ஐம்பத்துமூன்று வயதுவரை எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அங்கே வந்திருக்கிறது, எச்சில் சுரப்பியில் வருகிற ஒரு வகைப் புற்று. “இது ரொம்ப அபூர்வம்மா, லட்சத்துல ஒருத்தருக்குக்கூட வராது” என்றார் டாக்டர் மங்கையர்க்கரசி. எந்தக் குலுக்கலிலும் எனக்கு ஒரு எவர்சில்வர் கரண்டிகூட விழுந்ததில்லை, இது மட்டும் தேடிவந்து விழுந்திருக்கிறது. அறுத்து எடுத்துவிட்டார்கள், ஆனால் நரம்பைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகிற வகை, மிச்சம் மீதி இருக்கும், அதைக் கதிர் வைத்துச் சுட வேண்டும், முப்பத்துமூன்று நாள். இன்று இருபத்துநாலாவது நாள். ஆரம்பிக்கும் முன் கம்ப்யூட்டரில் என் மண்டையின் படத்தைக் காட்டினார். சிவப்புக் கோட்டுக்குள் இருப்பது சுட வேண்டிய இடம், பச்சைக் கோடு கண்ணுக்குப் போகிற நரம்பு. “ரெண்டுக்கும் நடுவுல மூணு மில்லிமீட்டர்தாம்மா இருக்கு, அதனாலதான் தலை அசையவே கூடாதுன்னு சொல்றோம்.” மூன்று மில்லிமீட்டர். என் டேப்பில் அது ஒரு நூல். உள்ளே ஒரு நூல் இடைவெளி, வெளியே இரண்டு நூல் தளர்வு. இந்தக் கணக்கைப் போட டாக்டருக்குப் படித்திருக்க வேண்டாம். மெஷின் மூன்று சுற்று வரும். இரண்டு சின்னச் சுற்று, கடைசியாக ஒரு பெரிய சுற்று, அது வலது பக்கம் கண்ணுக்கு நேராக வந்து நிதானமாகப் போகும். முதல் நாளே மரியதாஸ் சார் சொல்லியிருக்கிறார், “ஏதாவது ஒண்ணுன்னா கையைத் தூக்குங்கம்மா, கேமராவுல பார்த்துக்கிட்டேதான் இருப்போம், உடனே நிறுத்திருவோம்.” கை சும்மாதான் இருக்கிறது. கட்டிப்போடவில்லை. வயிற்றின் மேல் கோத்து வைத்திருக்கிறேன்.

ஆரம்பித்துவிட்டது. மணியடித்து, பிறகு அந்த ஈ மொய்க்கிற சத்தம். வலி கிடையாது, சூடு கிடையாது, பிளீச்சிங் பவுடர் வாடை மட்டும் மூக்குக்குள் வரும், அது மெஷினின் வாடையா என் மண்டைக்குள் ஏதோ வேகிற வாடையா என்று இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை. அசையாதே புஷ்பம். மூச்சை மெதுவாக விடு. இடுப்பில் ஈயம் குத்துகிறது. மேலுக்குத்தான் பச்சைக் கவுன், பாவாடை என்னுடையது, அதன் இடுப்புப் பட்டியை இரண்டு மடிப்பாக்கி உள்ளே ஈயக்குண்டு வைத்துத் தைத்திருக்கிறேன், திரைச்சீலை ஆடாமல் தொங்குவதற்கு அடிமடிப்பில் வைக்கிறோமே அந்தக் குண்டு. கைத்தையல்தான், ஆனாலும் என் கைத்தையல், பிரித்தால்தான் தெரியும். முதலில் ஒரு கிலோ வைத்தேன், பிறகு ஒன்றரை, இப்போது நாலரை. திங்கட்கிழமை எடை பார்ப்பார்கள், சில நாள் சொல்லாமல் கொள்ளாமலும் எடை மெஷினில் ஏறச் சொல்வார்கள், அதனால் தினமும் கட்டிக்கொண்டுதான் வருகிறேன். வந்த அன்று ஐம்பத்தெட்டு கிலோ. அப்படியே நின்றால் சந்தேகம் வரும் என்று அரைக் கிலோ மட்டும் குறையவிட்டேன். என் புத்தியைப் பார். தொழில் கற்றுக்கொடுத்த புத்தி எல்லாம் எங்கே வந்து செலவாகிறது பார். எல்லாம் சுல்தான் பாயைப் பார்த்ததால் வந்தது. எனக்கு முன் நம்பர் அவருக்கு, கல்யாண வீடுகளில் பிரியாணி மாஸ்டர், நாக்கில் புற்று. “அஞ்சு கிலோவுக்கு மேல எறங்குனா மூக்குல டியூப்புதான்” என்று நர்ஸ் எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தாள், அவருக்கு இறங்கிவிட்டது. ஒரு நாள் வந்து பார்த்தால் மூக்கில் டியூப், கன்னத்தில் பிளாஸ்டர், வராந்தாவில் அவர் மனைவி புனல் வைத்துப் பால் ஊற்றுகிறாள், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கண்ணில் தண்ணீர். ஆயிரம் பேருக்கு உப்புப் பார்த்த நாக்கு. அன்று சாயந்தரமே எங்கள் அருப்புக்கோட்டைக் கடைக்குப் போன் பண்ணி, திரைச்சீலை குண்டுப் பொட்டலத்தை பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொன்னேன். மறுநாளிலிருந்து கட்டிக்கொண்டேன். அடுத்த வாரம் பாயின் நாற்காலி காலி. யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் சொல்லிவிடுவார்களே என்று பயம். டியூப் போட்டார்கள், ஆள் போய்விட்டார், அவ்வளவுதான், என் மனசு முடிச்சுப் போட்டுவிட்டது.

நின்றது. முதல் சுற்று முடிந்தது. இரண்டாவதுக்கு நடுவே கொஞ்ச நேரம், அந்த நேரத்தில்தான் எச்சில் சேரும். எச்சிலா அது, கஞ்சிப்பசை. கழுத்து வரை வந்து நிற்கிறது, விழுங்கினால் தாடை அசையும், விழுங்காவிட்டால் இருமல் வரும். விழுங்கினேன். வலைக்குள் முகம் ஒரு தடவை ஏறி இறங்கியது, முன்பெல்லாம் விழுங்கினால் வலையும் கூடவே இழுபடும், இப்போது நான் தனி அது தனி. திங்கட்கிழமை மட்டும் முதலில் படம் எடுத்து எலும்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அன்று முகத்தை மேலே எக்கி வலையோடு ஒட்டவைத்துப் பிடித்துக்கொண்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நடுங்க நடுங்க. “சூப்பர்ம்மா, கரெக்டா இருக்கு” என்றார் மரியதாஸ் சார். இன்று வியாழன். வியாழக்கிழமை முகத்துக்கு யார் பொறுப்பு? ஏன் இன்றைக்கு மட்டும் இப்படி உதறுகிறது, பதினோரு நாளாக இதே மேசையில் இதே பொய்யோடு படுத்துவிட்டுத்தானே போனேன். காலையில் என் வீட்டுக்காரர் சொன்னதுதான். லாட்ஜ் ரூமில் ஃபிளாஸ்க்கைத் திறந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டே, “பாய் போன் பண்ணுனாரு புஷ்பம்” என்றார். எந்த பாய் என்றேன். “நம்ம சுல்தான் பாய்தான். டியூப்பு எடுத்தாச்சாம். மூணு கிலோ ஏறிட்டாராம். ஒன்னய விசாரிச்சாரு, நம்ம தங்கபுஷ்பத்துக்கு எடை எறங்கவே இல்லன்னேன், அல்லா காப்பாத்துவான்னு சொன்னாரு.” அவருக்கு முப்பது நாளும் முடிந்து ஊருக்குப் போயிருக்கிறார், அவ்வளவுதான். நான் கொன்று புதைத்த மனுஷன் வீட்டில் உட்கார்ந்து எடை ஏறிக்கொண்டிருக்கிறார். சந்தோஷப்பட வேண்டும், முடியவில்லை. பயந்ததற்கு இருந்த ஒரே காரணமும் போய்விட்டது. இனி நான் இதை மறைப்பதற்கு வெட்கத்தைத் தவிர ஒன்றுமில்லை.

இரண்டாவது சுற்று. மெஷினின் சிவப்பு வெளிச்சக் கோடு ஒன்று வலையின் ஓட்டைகளில் உடைந்து உடைந்து தெரிகிறது. எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன் கடையில். அளவு எடுக்க டேப்பைச் சுற்றியதும் வயிற்றை எக்கிக்கொள்வார்கள், மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், தபாலாபீஸ் கோமதி எப்போதும் செய்வாள். “மூச்ச விடுங்க மதினி, டேப்பு ஒங்களக் கடிக்காது” என்பேன். “நான் சாதாரணமாத்தான் நிக்கேன்” என்பாள். ஒரு வாரம் கழித்து ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வருவாள், கொக்கி போட முடியவில்லை, நீ துணியைத் திருடிவிட்டாய் என்று. கடை நிறைய ஆள் நிற்க ஒரு நாள் சத்தம் போட்டுவிட்டேன், “எனக்கு முன்னால நின்ன இடுப்புக்குத்தான் தச்சேன், வீட்டுக்குக் கொண்டுபோன இடுப்பு வேற.” எல்லோரும் சிரித்தார்கள், அவள் முகம் சுண்டிப்போயிற்று, எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்போது டாக்டர் மங்கையர்க்கரசி எந்த முகத்துக்கு அளவெடுத்துக் கோடு போட்டாரோ அந்த முகம் லாட்ஜ் வாஷ்பேசினில் கஞ்சியோடு ஓடிப்போய்விட்டது. எரிகிறது, விழுங்கினால் தொண்டையில் கண்ணாடித் தூள் இறங்குகிறது, நான் என்ன செய்ய, இவர் இளநீர் வாங்கப் போனதும் குழாயைத் திறந்துவிட்டுக் கொட்டினேன். நாள் தவறாமல். கோமதிக்குப் போனது ஒரு ஜாக்கெட். எனக்கு? வலது கண்தான் ஊசி கோர்க்கிற கண், இடது கண்ணுக்கு அவ்வளவு போதாது. கண் போனால் நான் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வேன், சுவரைப் பார்ப்பதற்கும் கண் வேண்டும். அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது. இவ்வளவு பெரிய மெஷினுக்கு இரண்டு நூல் ஒரு பொருட்டா. பொருட்டுதான் என்று டாக்டரம்மா சொன்னாரே. இன்னும் ஒன்பது நாள்தானே, பல்லைக் கடித்தால் ஓடிப்போகும். ஓடிப்போகும், கண்ணையும் கூட்டிக்கொண்டு. நாளைக்குச் சொல்லலாம். சனி, ஞாயிறு லீவு, அந்த இரண்டு நாளில் நிஜமாகவே கஞ்சி குடித்து, பால் குடித்து, ஏறிவிட்டால், திங்கட்கிழமை யாருக்கும் தெரியாமல் குண்டைக் குறைத்து, ச்சீ, என்ன ஜென்மம் நான், மறுபடியும் கணக்குப் போடுகிறேன்.

நின்றது. இனி பெரிய சுற்று. மெஷின் தலைக்குமேல் எங்கேயோ கடகடவென்று தன் பற்களை மாற்றிக்கொள்கிறது. இப்போது தூக்கு. கையை இப்போது தூக்கு, சத்தம் வருவதற்கு முன். தூக்கினால் கதவு திறக்கும், மரியதாஸ் சார் வருவார், என்னம்மா என்பார், சொல்ல வேண்டும், குண்டைக் காட்ட வேண்டும், அப்புறம் இவரைக் கூப்பிடுவார்கள். அங்கேதான் கை நிற்கிறது. டியூப்புக்கு இல்லை, டாக்டர் திட்டுவதற்கு இல்லை, இவருக்குத்தான். தவசிலிங்கம் என்கிற என் வீட்டுக்காரர், மில் கேட்டில் வாட்ச்மேன், வாழ்நாள் முழுக்க நான் சம்பாதித்த வீட்டில் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்த மனுஷர், டைலரம்மா புருஷன் என்றுதான் ஊரில் அவருக்குப் பேர். இங்கே வந்துதான் நிமிர்ந்திருக்கிறார். லாட்ஜ்காரரிடம் கெஞ்சி ஸ்டவ் வாங்கி, பாசிப்பருப்பும் அரிசியும் வறுத்து உடைத்து, நெய் விட்டு, வடிகட்டி, சூடு பார்த்து. காத்திருக்கிற கூடத்தில் மற்ற நோயாளிகளின் ஆட்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள், என்ன கொடுக்கிறீர்கள் அண்ணாச்சி, எப்படி இறங்காமல் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று. “மொதல்ல பொறுமை வேணும், அவசரப்படுத்தக் கூடாது” என்று இவர் சொல்வதைக் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறேன். ராஜபாளையத்துப் பையன் ஒருவன் நோட்டில் எழுதிக்கொண்டு போனான். அறுபது வயதில் முதல்முறையாக ஒரு வேலையில் பேர் வாங்கியிருக்கிறார், என்னை மெலியவிடாத வேலை. அதை எப்படி நான் பிடுங்குவது. சத்தம் வந்துவிட்டது. சுற்று ஆரம்பித்துவிட்டது. தோளுக்குக் கீழே எங்கேயோ இருக்கிறது, மேலே ஏறுகிறது, காதுக்கு வரும், கன்னத்துக்கு வரும். முகத்தை எக்கு. எக்கினேன், வலது பக்கம் எட்டவில்லை. கழுத்து நடுங்குகிறது, நடுங்கினால் அது இன்னும் மோசம். புஷ்பம், அவருக்குப் பேர் வேண்டும் என்று உன் கண்ணைக் கொடுப்பாயா? கொடுப்பேன்போல் இருக்கிறதே. கொடுத்தால் அதைவிடப் பெரிய பொய் இருக்கிறதா, குருடியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அதே ஊரில் அவர் நடக்க வேண்டும், தான் காய்ச்சிய கஞ்சியால்தான் கண் போயிற்று என்று நினைப்பார், நெய் கூடிவிட்டதோ, பருப்பு கூடிவிட்டதோ என்று சாகும்வரை நினைப்பார், யாரிடமும் சொல்லமாட்டார், ஐயோ, அப்படித்தான் நினைப்பார், எனக்கு இவரைத் தெரியும். காது. காதுக்கு வந்துவிட்டது. கோத்திருந்த விரல்களை இன்னொரு ஆளின் விரல்களைப் பிரிப்பதுபோல் பிரித்தேன். வலது கை மேலே போயிற்று.

சத்தம் அறுந்தது. கதவு ஓடித் திறந்தது. டக், டக் என்று கிளிப்புகள் கழன்றன, வாய்க்கட்டை வெளியே வந்தது, கூடவே பசையாக எச்சில்.

“என்னம்மா? வாந்தி வருதா? மூச்சு முட்டுதா?”

“லூசு சார்.” நாக்கு புண்ணில் புரண்டது. “மூஞ்சி லூசா இருக்கு. ரெண்டு நூலு.”

அவருக்குப் புரியவில்லை. முகமூடியைத் திரும்ப என் முகத்தில் வைத்து, வலது கன்னத்துப் பக்கம் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தார். நுழைந்தது. அவர் முகத்தில் இருந்த நிதானம் போய்விட்டது. “எடை நிக்குதேம்மா, எப்படி?” என்றார்.

“கத்திரி இருக்கா சார்?”

பிளாஸ்டர் வெட்டுகிற கத்திரியைக் கொண்டுவந்தார். மழுங்கல் கத்திரி, நான் ஒரு நாளும் வைத்துக்கொள்ளமாட்டேன். பாவாடைப் பட்டியை இழுத்துப்பிடித்து நாலு தையலைப் பிரித்தேன், மிச்சம் தானாகப் பிரிந்துகொண்டது. எவர்சில்வர் தட்டில் குண்டுகள் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மரியதாஸ் சார் நின்றார். பிறகு போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டார்.

டாக்டர் மங்கையர்க்கரசி வந்தார். அவருக்குப் பின்னாலேயே இவரையும் கூப்பிட்டுவிட்டார்கள், செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்தார். “என்ன டாக்டரம்மா, எடை சரியாத்தான இருக்கு, அரைக் கிலோதான...” என்று ஆரம்பித்தவர் தட்டைப் பார்த்தார். கிட்டே போய் ஒரு குண்டை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

“இது நம்ம கடைச் சாமான்ல?” என்றார்.

“ஆமா” என்றேன்.

“அப்ப கஞ்சி?”

“எரியுதுங்க. முழுங்க முடியல. கொட்டிட்டேன்.”

அவர் குண்டைத் தட்டில் திரும்ப வைத்தார், சத்தம் வராமல் வைத்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. நான்தான் அழுதேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது. கன்னத்தைத் தொட்டார், வலது கண் இமையைத் தூக்கி விளக்கடித்துப் பார்த்தார்.

“கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல டாக்டரம்மா?” என்று இவர் கேட்டார்.

“இப்ப என்னால சொல்ல முடியாதுங்க. பொய்யா ஆறுதல் சொல்ல மாட்டேன். இன்னைக்கே புதுசா ஸ்கேன் எடுப்போம், புது முகமூடி செய்வோம், சாப்பாட்டுக்கு டியூப் போட்டுத்தான் ஆகணும். இத்தனை நாள் லூசா இருந்ததுல எங்க எவ்வளவு பட்டிருக்கும்னு ஒண்ணொண்ணா கணக்குப் பார்க்கணும். அதுக்கு எனக்குச் சரியான நாள் கணக்கு வேணும். கொறச்சுச் சொல்லாதீங்கம்மா. எத்தனை நாளா இப்படி இருக்கு?”

அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார். மரியதாஸ் சார் பார்த்தார். இவர் மட்டும் தரையைப் பார்த்தார். மூணு நாள் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, மூன்று நாள் என்றால் கேட்பதற்கு எவ்வளவு சின்னதாக இருக்கும், யாரும் யாரையும் பெரிதாக வெறுக்க வேண்டியதில்லை.

“பாய்க்கு டியூப்பு போட்டாங்கல்ல, அதுக்கு மறுநாள்லருந்து குண்டு கட்டுறேன். அன்னைல இருந்தே வச்சுக்கங்க” என்றேன். “பதினோரு நாள்.”

டாக்டர் எழுதினார். இவர் விரல்களை மடக்கிக்கொண்டே நின்றார், ஒரு கை முடிந்து இன்னொரு கை, பிறகு மறுபடியும் முதல் கை. பக்கத்தில் வந்து, நழுவிக்கிடந்த கவுனைத் தூக்கி என் தோளில் போட்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

“பதினொண்ணு இல்ல டாக்டரம்மா” என்றார். “இன்னைக்குப் பாதி பட்டிருச்சு, அதையும் சேர்த்துக்கங்க. பன்னெண்டு.”

டாக்டர் பதினொன்றை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினார்.